தாதிக்குக் கோட்பாடு எதற்கு?

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளியையும் வைத்தியனையும் மருந்தையும் கூறியதோடு அமையாது, உழைச்செல்வானையும் உடன் வைத்தார். அவனுக்கு வேண்டிய இயல்புகளை எடுத்துரைக்கப் புகுந்த பரிமேலழகர் அன்பிலே தொடங்கி அறிவிலே முடிக்கிறார். இன்று தாதியரைப் போற்றும் மேடைகளில் முன்னது மட்டுமே ஒலிக்கக் கேட்கிறோம். வெள்ளுடைத் தேவதை என்று புகழ்வோருக்குக் குறைவில்லை. அத்தேவதைக்கு ஒரு கோட்பாடும் வேண்டும் என்றால், ஊசி போடும் கைக்குத் தத்துவம் எதற்கு என்று நகைக்கின்றனர்.

அன்பு இருந்தும் அறிவு வழிகாட்டாதவிடத்து என்ன நேரும் என்பதை அறியப் பிரித்தானியச் சிறுவர் விடுதிகளின் வரலாற்றைப் பார்த்தல் தகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அங்கே பல வைத்தியசாலைகளில் பெற்றோர் தம் குழந்தையைக் காண வாரத்திற் சில மணி நேரமே பெற்றனர். தாதியர் கொடியவர் அல்லர். தாய் வந்து போனால் குழந்தை அலறுகிறது. வராதிருந்தால் சில நாளில் அடங்கிவிடுகிறது. ஆதலால் வராமையே நலம் என அவர்கள் மனமார நம்பினர். தம் கண்ணாற் கண்டதைக் கொண்டே அம்முடிவுக்கு வந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

1952-இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பார் ஒரு சிறு திரைப்படம் எடுத்தார். இரண்டரை வயதும் நிரம்பாத ஒரு சிறுமி, சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் வைத்தியசாலையில் இருக்கிறாள். படத்தில் வேறொன்றும் நிகழவில்லை. ஆயினும், தாயைப் பிரிந்த குழந்தை முதலில் எதிர்க்கிறது, பின் நம்பிக்கையிழக்கிறது, ஈற்றில் பற்றையே அறுத்துக்கொள்கிறது என்று ஜோன் போல்பியோடு சேர்ந்து அவர் கண்டறிந்த உண்மையை அறிந்தபின் அப்படத்தைப் பார்ப்பவர், குழந்தையின் அடக்கத்தை அமைதி என்று சொல்லத் துணியார். இலண்டன் மருத்துவர் சபையிலே அது காட்டப்பட்டபோது வெகுண்டவர் பலர். எனினும் 1959-இல் வெளிவந்த பிளற் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வரலாம், தாய் உடன் தங்கவும் இடந்தர வேண்டும் என விதந்துரைத்தது. அது எங்கும் நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இங்கே மாறியது யாது? குழந்தையின் மௌனம் பழைய மௌனந்தான். அதைப் பார்த்த கண் மாறிற்று. கோட்பாடு என்று நாம் சொல்வது அந்தக் கண்ணையே.

அதே 1952-இல் அமெரிக்கத் தாதி ஹில்டெகாட் பெப்லோவின் நூலும் வெளிவந்தது. நூல் 1948-இலேயே முடிந்திருந்தது. வைத்தியர் ஒருவரின் பெயர் உடனில்லாமல் ஒரு தாதி நூல் வெளியிடுவதா என்ற தயக்கத்தால் அது காத்துக்கிடந்தது! தாதியும் நோயாளியும் முதலில் ஒருவருக்கொருவர் அந்நியரே என்று அவர் தொடங்குகிறார். எளிய கூற்றுத்தான். ஆனால் கட்டில் இலக்கத்தைக் கூறி நோயாளியை அழைக்கும் பழக்கத்தை அது எப்படிச் சுடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்வந்த டொறத்தியா ஒறெம், தன்னைத் தானே பேணும் ஆற்றல் நோயாளியிடம் எங்கே குறைகிறதோ அங்கேதான் தாதியின் பணி தொடங்குகிறது என்றார். பிறரைப் பேணும் உறவினரின் ஆற்றலையும் அவர் கணக்கில் எடுத்தார். நீரிழிவுக்காரரான முதியவருக்கு உணவு முறையை ஒப்புவித்து வீட்டுக்கு அனுப்புகிறோம். அடுப்படியில் நிற்பவர் அவர் மனைவியல்லவா? அந்த அம்மையாரிடம் ஒரு வார்த்தை பேசாத போதனையால் என்ன பயன்?

ஆயின் குடும்பத்தை மையமாகக் கொள்வோம் என்ற முழக்கத்தில் இரு இடர்கள் உண்டு. தாதியர் போதாத விடுதியில், துடைப்பதும் ஊட்டுவதும் உறவினர் தலையில் இறங்கிவிடும்; அதற்கு அழகிய பெயரும் கிடைத்துவிடும். இது பங்காளித்துவம் அன்று, ஊதியமில்லா வேலை. மற்றையது இன்னும் ஆழமானது. நம்மவருள் ஒருவர் படுத்தால் ஊரே சோற்றுப் பொதியோடு புறப்படும். அது நம் பேறு. அதே உறவினர்தாம், நோய் புற்று என்று அறிந்ததும், "அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், மிஸ்" என்று தாதியின் காதோடு வேண்டுவர். குடும்பத்தை நடுவில் இருத்தப் போய் நோயாளியை ஓரத்தில் ஒதுக்குவது இப்படித்தான். அவ்வேளையில் அன்பு இருபுறமும் இழுக்கும். யார் தன் குடும்பம், எவருக்கு எதைச் சொல்லலாம், எவ்வளவு தான் அறிய விரும்புகிறான் என்பவற்றை நோயாளியிடமே முதலிற் கேட்டறிந்த தாதிக்குத்தான் அங்கே நிற்க நிலம் இருக்கும். அவ்வாறு கேட்கக் கற்பிப்பது பெப்லோ போன்றோரின் கோட்பாடு.

நேரம் எங்கே என்பர். நியாயமே. ஆனால் நாற்பது கட்டில்களுக்கு நடுவே ஓடுபவளுக்கன்றோ எதை முதலிற் பார்ப்பது என்ற தெளிவு மிக வேண்டும்?

தாதியர் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்பாட்டாளர் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்வித்துப் புள்ளியிடுவதைச் சற்றே நிறுத்திவையுங்கள். மாணவி தான் பராமரித்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதட்டும். எந்தக் கோட்பாடு எந்தக் கேள்வியை அவள் வாயில் வரவழைத்தது, நோயாளியும் வீட்டாரும் என்ன விடை தந்தனர், அதன்பின் அவள் எதை மாற்றிச் செய்தாள் என்பவற்றை அவள் எழுதும் இரண்டு பக்கத்துக்குப் புள்ளி கொடுங்கள்.