கிருமியைத் தின்னும் கிருமி

நெருப்பெரிச்சலிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். "எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு கிலோ நூல் வீணானாலும் ஏன் என்று கேட்பார்கள். சர்க்கார் பணத்தில் சிலர் மண்ணையும் சாக்கடையையும் கரைத்து, அதிலே கிருமியைத் தின்னும் கிருமியைத் தேடுகிறார்களாமே! அதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறார். கேள்வியில் கொஞ்சம் கோபம் தொனித்தாலும் நியாயமும் இருக்கிறது. ஆகையால் மற்ற விஷயங்களை அடுத்த வாரத்துக்கு ஒத்தி வைத்துவிட்டு, அவருக்குப் பதில் சொல்ல முற்படுகிறேன்.

அந்தப் பிராணி இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம். காலரா, டைபாய்டு, க்ஷயம் முதலிய வியாதிகளை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் கண்ணுக்குப் புலப்படாதவை. அவற்றின் சத்ருக்களோ அவற்றைவிடப் பன்மடங்கு சிறியவை. பாக்டீரியோபேஜ் என்று அவற்றுக்குப் பெயர், சுருக்கமாகப் பேஜ். (புஸ்தகத்தின் பக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தின்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.) பெரும்பாலான பேஜ்களுக்குத் தலையும் வாலும் உண்டு. வாலைப் பாக்டீரியாவின்மேல் ஊன்றிக்கொண்டு, தலைக்குள் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ. என்னும் பரம்பரைச் சரட்டை உள்ளே செலுத்திவிடும். அவ்வளவுதான், பாக்டீரியா தன் சொந்தக் காரியத்தை மறந்து, பேஜ்களை உற்பத்தி செய்யும் ஆலையாக மாறிவிடுகிறது. கடைசியில் அது வெடித்துச் சாக, புதிய பேஜ்கள் கூட்டமாய் வெளிப்படுகின்றன. விருந்தாளியாக வந்தவன் வீட்டையே இடித்துவிட்டுப் போன கதைதான்! மனித உடலின் செல்களை மட்டும் இவை தாக்குவதில்லை.

நம் தேசத்துக்கு இந்தப் பிராணியோடு பழைய உறவு உண்டு. 1896-இல் ஆக்ராவில் ஹான்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் விரைவில் மடிவதையும், நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் கண்டு எழுதினார். அது பேஜின் வேலைதானா என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1917-இல் பேஜுக்குப் பெயர் சூட்டிய டெரெல் என்பவர், 1927-இல் பஞ்சாபுக்கே வந்து காலரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்தன. வைத்தியர்களில் பெரும்பாலோர் பேஜை மறந்தே போனார்கள்.

இனி சென்னைக்கு வருவோம். சேத்துப்பட்டில் 1956-இல் ஒரு க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. க்ஷயரோகியைச் சானடோரியத்தில் கொண்டுபோய் அடைக்க வேண்டியதில்லை, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்பதை 1959-இல் உலகத்தாருக்கு எடுத்துக்காட்டிய ஸ்தாபனம் அது. தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இப்போது பெயர் மாறியிருக்கிறது.

சென்னை மண்ணிலிருந்து, க்ஷயக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களைத் தாக்கும் பேஜ்கள் சில பிரித்தெடுக்கப்பட்டன. சென்னையின் பெயரை வைத்தே அவற்றுக்குச் செ-8, செ-9சி, செ-12 என்றெல்லாம் நாமகரணம் ஆயிற்று. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ஹாட்ஃபுல் என்பவரின் குழுவினர், இவற்றில் சிலவற்றையும் சேர்த்து 14 பேஜ்களின் பரம்பரைச் சரடுகளை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒப்பிட்டு, 2003-இல் வெளியிட்டார்கள். சேத்துப்பட்டு நிலையத்தின் வனஜா குமார் அவர்களின் பெயரும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது.

படித்ததில் தெரிந்தது ஒரு வேடிக்கை. ஒவ்வொரு பேஜும் ஒட்டுப்போட்ட சட்டை! திருப்பூர் அன்பருக்கு விளங்கும்படி சொல்வதானால், கை ஒரு லாட் துணியிலிருந்து, கழுத்து இன்னொரு லாட்டிலிருந்து, உடம்பு மூன்றாவதிலிருந்து எடுத்து, ஓவர்லாக் அடித்து ஒரே பனியனாக்கியதுபோல் இருந்தது. பேஜ்கள் ஒன்றுக்கொன்று ஜீன்களைக் கடன் வாங்கிக்கொண்டே யுகயுகமாக வாழ்ந்திருக்கின்றன.

ஜீனை வெட்டி ஒட்டும் உபாயம் பேஜினிடம் இருக்கிறதென்றால், அந்தக் கத்தரிக்கோலை நாம் இரவல் வாங்க முடியாதா? க்ஷயக் கிருமியை ஆராய்கிறவர்களுக்கு அது மிகவும் தேவைப்பட்டது. அந்தக் கிருமி மகா பிடிவாதம் பிடித்தது. மெழுகுப் போர்வை போர்த்துக்கொண்டிருக்கும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனுள் ஒரு ஜீன் துண்டைச் செலுத்தினால், உரிய இடத்தில் சேராமல் கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கழுத்துப் பட்டியைக் கையிலே தைத்துவிட்டால் எந்தக் கட்டிங் மாஸ்டர் பொறுப்பார்? 2007-இல் பிட்ஸ்பர்க் குழுவினர் சென்னையின் செ-9சி பேஜிலிருந்து 60, 61 என்ற எண்ணுள்ள இரண்டு ஜீன்களை எடுத்து அந்தப் பாக்டீரியாக்களுக்குள் வைத்தார்கள். துண்டு உரிய இடத்தில் போய்ப் பொருந்தலாயிற்று. எந்த ஜீனில் எந்த எழுத்து மாறினால் க்ஷயத்துக்கு மருந்து பலிக்காமல் போகிறது என்று நேரே சோதித்துப் பார்க்க வழி பிறந்தது. உலகத்திலுள்ள க்ஷயரோகிகளில் ஏறக்குறைய கால் பங்கினர் நம் தேசத்தில் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இது சின்ன விஷயமல்ல என்பது புலப்படும்.

அதே கத்தரிக்கோல் பேஜ்களையும் வெட்டித் திருத்த உதவிற்று. லண்டனில் 15 வயதுச் சிறுமி ஒருத்திக்கு 2017-இல் இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள். பிறகு க்ஷயக் கிருமிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஒரு பாக்டீரியா அவள் உடம்பெங்கும் பரவியது. எந்த மருந்தும் கேட்கவில்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து மூன்று பேஜ்களை அனுப்பினார்கள். ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010-இல் அழுகிய கத்தரிக்காயின் அடியிலிருந்து ஒரு மாணவி எடுத்தது, பிறவியிலேயே கொலைகாரன். மற்ற இரண்டும் பாக்டீரியாவுக்குள் புகுந்து சுகமாய்த் தூங்கிவிடும் சாதுக்கள். தூங்கச் சொல்லும் ஜீனை அவற்றிலிருந்து வெட்டியெறிந்த பிறகே கொல்லத் தொடங்கின. வெட்டுவதற்கு உதவியது செ-9சியின் ஜீன்கள். சிறுமியின் புண்கள் ஆறின, அவள் வீடு திரும்பினாள் என்று 2019-இல் வைத்தியர்கள் எழுதினார்கள். நோய் அடியோடு ஒழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நோயாளியின் வரலாற்றை வைத்து மருந்தை எடை போடுவதும் முறையல்ல.

சேத்துப்பட்டிலும் சும்மா இருந்துவிடவில்லை. மின்மினிப் பூச்சியின் ஒளி ஜீனைச் செ-12 பேஜில் வைத்தார்கள். அந்தப் பேஜ் உயிருள்ள க்ஷயக் கிருமிக்குள் நுழைந்தால், உரிய ரசாயனத்தைச் சேர்த்ததும் கிருமி ஒளி வீசும். மருந்து கொடுத்த பிறகும் ஒளி வந்தால் மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தம். வாரக்கணக்கில் காத்திருப்பதற்குப் பதில் சில தினங்களில் விடை! ஆஸ்பத்திரிகளில் இன்று வேறு துரித சோதனைகளே வழக்கத்தில் இருக்கின்றன. என்றாலும் யுக்தி அழகானது.

என் மனத்தில் உறுத்துவது வேறொன்று. மண் நம்முடையது, தேடி எடுத்தவர்கள் நம்மவர்கள். அதற்குள் கத்தரிக்கோல் இருக்கிறதென்று கண்டுபிடித்தது பிட்ஸ்பர்க்! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. லாபம் என்ன என்று முன்கூட்டியே கேட்காமல், அங்கே நிதானமாகப் படித்துக்கொண்டிருக்க ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 2003-இல் அந்தச் சரடுகளைப் படித்தபோது லண்டன் சிறுமி பச்சைக் குழந்தை. அவளுக்காக யார் வரவு செலவுத் திட்டம் போட்டிருக்க முடியும்?

அமெரிக்காவில் 2008 முதல் கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்களையே இந்த வேட்டையில் இறக்கிவிட்டு, ஆயிரக்கணக்கான பேஜ்களைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு வேண்டிய சாமான்கள் அப்படியொன்றும் பிரமாதமல்ல. ஒரு கைப்பிடி ஈர மண், அதைக் கரைக்க உப்புக் கலந்த திரவம், பாக்டீரியாவைத் தடுத்துப் பேஜை மட்டும் விடும் நுண்ணிய வடிகட்டி, க்ஷயக் கிருமியின் உறவினரானாலும் சாதாரணமாக நோய் செய்யாத ஸ்மெக்மாடிஸ் என்ற பாக்டீரியா, அதை வளர்க்க அகார் தட்டு. கூடவே, பழகிய ஆசிரியர் ஒருவர். இரண்டொரு நாளில் தட்டு முழுவதும் பாலாடை போல் மங்கலாகப் படரும். அதிர்ஷ்டம் இருந்தால் அதன் நடுவே பொத்தல் பொத்தலாகத் தெளிந்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேஜின் வம்சம். கண்டுபிடித்தவரே பெயரும் சூட்டிக்கொள்ளலாம்.