இங்கிலீஷ் மீடியம் சரி, பேஷண்ட் எந்த மீடியம்?

நீட் ரிசல்ட் வர்ற வாரம் உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். மார்க் கொஞ்சம் குறைஞ்ச தம்பியோ தங்கச்சியோ ஒருத்தர் இருப்பாங்க. இங்கே தனியார் காலேஜ் ஃபீஸைக் கேட்டுட்டு சித்தப்பா அமைதியா உட்கார்ந்திருப்பார். அப்போ ஒரு கன்சல்டன்சி போஸ்டர் வந்து விழும். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ். இந்தியச் சாப்பாடு, தனி ஹாஸ்டல், முழுக்க முழுக்க இங்கிலீஷ் மீடியம். அடுத்த நிமிஷம் உங்ககிட்டதான் கேள்வி வரும்: "நீ இன்ஜினியரிங் படிக்கிறியே, நெட்ல பாத்துச் சொல்லுப்பா, இது நல்ல காலேஜா?"

அந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி படிக்கத்தான் இந்தக் கட்டுரை. ரேங்கிங் பாப்பீங்க, ஃபீஸ் பாப்பீங்க, என்.எம்.சி. விதிக்குள்ள வருதான்னு பாப்பீங்க. எல்லாமே தேவைதான். ஆனா பெரும்பாலான வீடுகள்ல ஒரு கேள்வியைக் கேக்காமலே பணத்தைக் கட்டிடுறாங்க. பாடம் இங்கிலீஷ்ல நடக்கும், சரி. பேஷண்ட் எந்த மொழியில பேசுவார்?

மருத்துவப் படிப்புல ரெண்டு பாதி இருக்கு. முதல் பாதி வகுப்பறை. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. இதுக்கு இங்கிலீஷ் போதும். எலும்புக்கும் நரம்புக்கும் வெச்சிருக்கிற பேர் பெரும்பாலும் லத்தீனும் கிரேக்கமும்தான். மாஸ்கோவுல ஒண்ணு, மதுரையில ஒண்ணுன்னு கிடையாது. அதனால முதல் ரெண்டு வருஷம் போன்ல பேசும்போது "எல்லாம் நல்லாப் போகுதுண்ணா"ன்னு சொல்வாங்க. பொய் இல்லை, உண்மையிலேயே நல்லாத்தான் போகும்.

ஆஸ்பத்திரிக்குள்ள கால் வெச்சதும் ரெண்டாவது பாதி தொடங்குது. கட்டில்ல படுத்திருக்கிற பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. நர்ஸுக்கும் பெரும்பாலும் தெரியாது. கேஸ் ஷீட் உள்ளூர் மொழியில, அதுவும் டாக்டர் கையெழுத்துல இருக்கும். ஒரு பேட்ச் பசங்க கட்டிலைச் சுத்தி நிப்பாங்க. ஆசிரியர் பாட்டிகிட்ட பத்து நிமிஷம் பேசுவார். அப்புறம் திரும்பி இங்கிலீஷ்ல ரெண்டே வரி: நெஞ்சு வலி, மூணு நாளா இருக்கு. அதைக் குறிச்சுக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாங்க.

அந்தப் பத்து நிமிஷத்துல அவர் எந்த வரிசையில கேட்டார், பாட்டி எங்கே தயங்கினாங்க, எந்தப் பதிலைக் கேட்டதும் டாக்டர் ஸ்டெத்தை எடுத்தார் - அதுதான் அன்னிக்குப் பாடம். மொழி தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பாடம் முழுசாக் கிடைக்குது. தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சுருக்கம்தான் கிடைக்குது. ரெண்டு பேரும் கட்டுறது ஒரே ஃபீஸ்.

வலிக்கு ஒரு சொல் போதாது

நம்ம ஊர்ல யாராவது டாக்டர்கிட்ட போய் வெறும் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்றாங்களா? ஒருத்தர் நெஞ்சு கரிக்குதும்பார். இன்னொருத்தர் நெஞ்சை அழுத்துதும்பார். மூணாவது ஆள் சுருக் சுருக்னு குத்துதும்பார். மூணும் நெஞ்சுதான். கரிக்குதுன்னா டாக்டர் வயித்து அமிலத்தைப் பத்தி யோசிப்பார். அழுத்துதுன்னா உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். குத்துதுன்னா, மூச்சை இழுத்தா அதிகமாகுதான்னு திருப்பிக் கேப்பார். தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கிறது வேற, கிறுகிறுன்னு சுத்துறது வேற. வியாதியைப் பத்தின முதல் தகவல் ஸ்கேன்ல இல்லை, இந்தச் சின்னச் சொற்கள்ல இருக்கு.

ரஷ்ய மொழியிலும் இதே கதைதான். மொழி வகுப்புல 'பலீத்'னு கத்துக்கொடுப்பாங்க, வலிக்குதுன்னு அர்த்தம். வார்டுல பேஷண்ட் சொல்றது 'தாவித்', அதாவது அழுத்துது, 'கோலெத்', குத்துது, 'நோயெத்', மந்தமா விடாம வலிக்குது. 'உ மின்யா தவ்லேனியே'ன்னு ஒருத்தர் சொன்னா, நேர் அர்த்தம் 'எனக்கு அழுத்தம் இருக்கு'. அவர் சொல்ல வர்றது ரத்த அழுத்தம் அதிகம்னு. நம்ம தாத்தா "எனக்கு பிரஷர் இருக்குப்பா"ன்னு சொல்றாரே, அதேதான். தமிழ்ப் பசங்களுக்கு ஒரு தடவை சொன்னா மறக்காது. ஆனா அந்த ஒரு தடவை சொல்லிக்கொடுக்க யாராவது வேணும்.

சீனாவுல 'ஸுவான்'னா புளிப்பு. இடுப்பு ஸுவானா இருக்குன்னு பேஷண்ட் சொன்னா இடுப்பு அசந்து வலிக்குதுன்னு அர்த்தம். அகராதியைத் திறந்தா இடுப்பு புளிக்கும்! கிர்கிஸ்தான் போனா ரஷ்யன் மட்டும் போதாது, கிர்கிஸ் மட்டும் பேசுற பேஷண்டும் வருவார். பிலிப்பைன்ஸ்ல இங்கிலீஷ் ஆட்சி மொழிகள்ல ஒண்ணு, அதனால அங்கே நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனா தாவோ, செபு பக்கம் வார்டுல மக்கள் தங்களுக்குள்ள பேசுறது பிசாயா.

இதெல்லாம் சின்ன விஷயம்னு தோணினா, 1980ல அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல நடந்ததைக் கேளுங்க. 18 வயசுப் பையன் ஒருத்தனை மயக்க நிலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. கியூபாவிலிருந்து வந்த குடும்பம். 'இன்டாக்ஸிகாடோ'ன்னு ஒரு ஸ்பானிஷ் சொல்லைச் சொன்னாங்க. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்காம உடம்பு கெட்டுப்போச்சுன்னு அவங்க அர்த்தம். டாக்டர்கள் காதுல அது 'இன்டாக்ஸிகேட்டட்' மாதிரி விழுந்தது. போதை மருந்து கேஸ்னு முடிவு பண்ணி அதுக்கு வைத்தியம் பாத்தாங்க. உண்மையில அவனுக்கு மூளையில ரத்தக் கசிவு. அது தெரிய வர்றதுக்குள்ள காலம் கடந்து, கை கால் நாலும் செயலிழந்துபோச்சு. வழக்கு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீட்டுல முடிஞ்சது. மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடலை. ஏன்னா ரெண்டு தரப்பும் தங்களுக்குப் புரிஞ்சதாத்தான் நினைச்சாங்க.

நம்ம பாஷையில சொன்னா, இன்புட் தப்பா ஏறிட்டா அதுக்கப்புறம் எவ்வளவு நல்ல அல்காரிதம் போட்டாலும் அவுட்புட் தப்புதான்.

"திரும்பி வந்துடப் போறோமே?"

இது நியாயமான கேள்வி. ரஷ்யாவுல டாக்டரா இருக்கப் போறதில்லை, திருச்சிக்கு வந்துடப் போறேன், எனக்கு எதுக்கு ரஷ்யன்?

பேஷண்ட்கிட்ட கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்குறது ஒரு கைப்பழக்கம். எப்போ குறுக்கிடணும், எப்போ சும்மா இருக்கணும், வெக்கப்பட்டு மறைக்கிறதை எப்படி வெளியே கொண்டு வரணும்னு நூறு பேர்கிட்ட பேசித்தான் அது வரும். பைக் ஓட்டக் கத்துக்கிட்டவன் எந்த ஊர் ரோட்டுலயும் ஓட்டுவான். பின்னாடி உட்கார்ந்தே வந்தவன் சொந்த ஊர் ரோட்டுலயும் ஓட்ட மாட்டான். திருச்சிக்கு வந்ததும் தமிழ் இருக்கும், ஆனா அதுல எதைக் கேக்கணும்னு பழகியிருக்க மாட்டாங்க.

அடுத்து, "ஆப் இருக்கே"ன்னு சொல்வீங்க. 2019ல வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுல, அவசரப் பிரிவு டாக்டர்கள் நோயாளிகளுக்கு எழுதிக்கொடுத்த குறிப்புகளை கூகுள் டிரான்ஸ்லேட்ல போட்டுப் பாத்தாங்க. ஸ்பானிஷ்ல 92 சதவீத வாக்கியங்களும் சீன மொழியில 81 சதவீதமும் சரியா வந்துச்சு. அதுக்கப்புறம் ஆப்கள் இன்னும் முன்னேறியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது டாக்டர் நிதானமா எழுதின வாக்கியம். பல் இல்லாத தாத்தா, மூச்சு வாங்கிக்கிட்டே, கிராமத்து வழக்குல பாதி சொல்லி பாதியை முழுங்குறதை போனை நீட்டிப் பிடிச்சு வாங்குறது வேற வேலை. அவசரத்துக்கு ஆப் உதவும். ஆறு வருஷப் படிப்பை அதை நம்பி நடத்த முடியாது.

விதியில இருக்கிற ஓட்டை

என்.எம்.சி. 2021 நவம்பர்ல கொண்டு வந்த விதிப்படி, வெளிநாட்டுல படிச்சு இங்கே டாக்டராகணும்னா படிப்பு குறைஞ்சது 54 மாசம், இங்கிலீஷ் மீடியம், அதே கல்லூரியில 12 மாசம் இன்டர்ன்ஷிப், இந்தியா வந்து இன்னொரு 12 மாசம் இன்டர்ன்ஷிப். அந்த நாட்டுக் குடிமக்களுக்குச் சமமா அங்கேயே மருத்துவம் பார்க்க உரிமம் தர்ற பட்டமா இருக்கணும்னும் விதி சொல்லுது.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. படிப்பு இங்கிலீஷ்ல இருக்கணும். ஆனா அந்த நாட்டு ஆளுக்கு வைத்தியம் பார்க்கவும் தகுதி வேணும். உள்ளூர் மொழி இல்லாம இது எப்படி நடக்கும்? விதி அதைப் பத்தி வாயே திறக்கலை. அந்த ஓட்டையிலதான் போஸ்டர்ல 'இங்கிலீஷ் மீடியம்'ங்கிறது பெரிய எழுத்துல வந்து உட்காருது.

இத்தனைக்கும் இந்தியாவுக்குள்ள இது புரிஞ்சிருக்கு. 2019ல வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துல, ஆரம்ப அறிமுகப் படிப்பிலேயே உள்ளூர் மொழிப் பயிற்சியைச் சேர்த்திருக்காங்க. அகில இந்திய ஒதுக்கீட்டுல நம்ம அரசுக் கல்லூரிக்கு வர்ற ராஜஸ்தான் மாணவர் தமிழ் கத்துக்கத்தான் வேணும். இல்லைன்னா ஜி.எச். ஓ.பி.யில ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. இங்கே வர்றவங்களுக்குத் தேவைன்னு நினைக்கிறது, இங்கேயிருந்து போறவங்களுக்குத் தேவையில்லாமப் போயிடுமா?

ஜெர்மனியில வேலை பார்க்க வர்ற வெளிநாட்டு டாக்டர்களுக்கு மருத்துவ மொழித் தேர்வு தனியா உண்டு. மூணு கட்டம், ஒவ்வொண்ணும் 20 நிமிஷம். பேஷண்டா நடிக்கிறவர்கிட்ட பேசணும், கேட்டதை எழுதணும், அப்புறம் இன்னொரு டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்லணும். வெளிநாட்டுல இன்டர்ன்ஷிப் தொடங்குறதுக்கு முன்னாடி இது மாதிரி ஒரு தேர்வுல தேறின சான்று வேணும்னு என்.எம்.சி. ஒரு வரி சேர்த்தாலே போதும். கல்லூரிகள் மொழி வகுப்பை ஒப்புக்கு நடத்துறது நின்னுடும்.

2022 செப்டம்பர்ல பெய்ஜிங்ல இருக்கிற இந்தியத் தூதரகம் விட்ட அறிவிப்பு இதைக் கொஞ்சம் நேராவே சொல்லுச்சு. ஹெச்.எஸ்.கே. நாலாம் நிலை வரைக்கும் சீன மொழி கத்துக்கணும், இல்லைன்னா பட்டம் கிடைக்காமப் போகலாம்னு எச்சரிச்சாங்க. நாலாம் நிலைன்னா சுமார் 1,200 சொற்கள். அதே அறிவிப்புல இன்னொரு கணக்கும் இருந்துச்சு. 2015 முதல் 2021 வரை சீனாவுல படிச்சு வந்து இந்தியாவுல எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுதினவங்க 40,417 பேர். தேறினவங்க 6,387 பேர். கிட்டத்தட்ட ஆறு பேருக்கு ஒருத்தர்.

இதுக்கு மொழி மட்டும்தான் காரணம்னு சொன்னா அது தப்பு. எழுதுற தேர்வு இங்கிலீஷ்ல, 300 கேள்வி, பாதி மார்க் எடுத்தா பாஸ். கல்லூரியோட தரம், மாணவரோட உழைப்பு, கோவிட் காலத்து ஆன்லைன் வகுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆனா பேஷண்டைப் பாத்துப் படிச்ச வியாதி மனசுல நிக்கும், பி.டி.எஃப்.ல மட்டும் படிச்சது அந்த அளவுக்கு நிக்காது. தோத்தவங்களை "காசு குடுத்து டாக்டருக்குப் படிச்சவன்"னு கிண்டல் பண்றதுக்கு முன்னாடி, படிப்புல பாதியை அவங்க காதுக்கு எட்டாத தூரத்துல வெச்சு நடத்தினது யாருன்னும் கேக்கணும்.

நீங்க கேக்க வேண்டியது

அதனால சித்தப்பா அடுத்த தடவை காலேஜ் பேரை அனுப்பினா, கன்சல்டன்சி ஆபீசுக்குக் கூடவே போங்க. இதையெல்லாம் கேளுங்க.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு? எத்தனை வருஷம் நடக்கும்? முதல் வருஷத்தோட நின்னுடுதுன்னா அது மார்க்கெட்ல காய் வாங்கத்தான் உதவும்.

மொழித் தேர்வுல தோத்தா அடுத்த வருஷம் போக முடியுமா? "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு பதில் வந்தா, யாரும் அதை மதிக்கலைன்னு அர்த்தம்.

ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் எந்த மொழியில? அதை மாணவர்களே எழுதுவாங்களா, இல்லை பாத்துட்டு மட்டும் வருவாங்களா?

கடைசியா, அந்தக் காலேஜ்ல படிக்கிற ஒருத்தரோட பேசணும்னு கேளுங்க. முதல் வருஷ மாணவர் வேண்டாம், அவருக்கு இன்னும் தெரியாது. அஞ்சாவது வருஷ மாணவர் வேணும். அவர்கிட்ட இதை மட்டும் கேளுங்க: "நீங்களா தனியா ஒரு பேஷண்ட்கிட்ட பேசி முழு விவரம் வாங்கியிருக்கீங்களா? அந்த மொழியில ரெண்டு கேள்வி கேட்டுக் காட்டுங்களேன்." ரெண்டே நிமிஷ வீடியோ கால். எந்த ரேங்கிங் வெப்சைட்டும் சொல்லாததை அது சொல்லிடும்.

உங்க ஃப்ரெண்ட் யாராவது ஏற்கெனவே அங்கே படிச்சுட்டிருந்தா, அவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியன் மெஸ்லயும் தமிழ் ரூம்மேட்ஸோடயும் மட்டுமே இருந்தா பாதுகாப்பா இருக்கும், ஆனா மொழி வராது. பஸ்ல, கடையில, வீட்டு ஓனர்கிட்ட தப்பும் தவறுமா பேசச் சொல்லுங்க. வலி, காய்ச்சல், மூச்சு, வாந்தி, மலம், தூக்கம், இதுக்கெல்லாம் அந்த ஊர் ஜனங்க சொல்ற சொல் என்னன்னு ஒரு பாக்கெட் நோட்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க. ஆசிரியர் அந்த ரெண்டு வரியைச் சொல்றதுக்கு முன்னாடி, தன் காதுல விழுந்ததை வெச்சு தானே ரெண்டு வரி எழுதிப் பாத்து, அப்புறம் ஒப்பிடச் சொல்லுங்க. முதல் மாசம் ஒண்ணும் பொருந்தாது. ஆறாவது மாசம் பொருந்த ஆரம்பிக்கும்.

போக வேண்டாம்னு நான் சொல்லலை. இங்கே சீட்டுக்கும் பணத்துக்கும் நடக்கிற இழுபறியில, பல வீடுகளுக்கு வெளிநாடுதான் ஒரே வழி. போறவங்க மொழிக்கும் சேர்த்துத் தயாராப் போகட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கிற மூணு நாலு மாசத்துல அந்த எழுத்துகளைப் படிக்கவாவது பழகிக்கலாம். ரஷ்யனுக்கு 33 எழுத்து, ஜார்ஜியனுக்கும் 33. நம்ம 247ஐப் படிச்சு வந்த பசங்களுக்கு அது பெரிய வேலை இல்லை.