நிழல் மட்டும் போதாது

மார்ச் மாதம். மேற்கு இமயச் சரிவுகளில் பனி உருகி ஈரம் கசிகிறது. பழுப்பேறிய புல்லுக்கு நடுவே ஊதா நிறப் பூப்பந்துகள் தலைநீட்டுகின்றன. இலைகூட இன்னும் முழுதாக விரியவில்லை, அதற்குள் பூ. பெயர் பிரிமுலா டென்டிகுலேட்டா. லத்தீனில் 'பிரிமஸ்' என்றால் 'முதல்'. பெயர்ப் பொருத்தம் சரிதான்.

அழகில் மயங்கி, செடியை வேரோடு பெயர்த்து ஊருக்குக் கொண்டுபோகும் சுற்றுலாப் பயணிகள் உண்டு. ஜூன் மாதம் தொட்டியில் மிஞ்சுவது வெறும் மண். மலையில் ஒரு செடி குறைந்ததுதான் கண்ட பலன்.

சிம்லா, முசோரியில் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்களும் ஏமாறுவதுண்டு. 'நிழல் விரும்பும் செடி' என்று நம்பி தேவதாரு மரத்தடியில் நட்டுவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் இலை மூடிய அந்த மரம் தூறலைத் தரைக்கு விடாது. இருக்கும் ஈரத்தையும் அதன் வேர்களே உறிஞ்சிவிடும். பிரிமுலா கேட்பது வேரில் குளிர்ச்சி. ஆப்பிள் மரத்தடி இதற்குத் தோது: குளிர்காலத்தில் இலை உதிர்த்து வெயில் விடும், கோடையில் குடை பிடிக்கும். வீட்டின் கிழக்குப் பக்கமும் நல்லதே. காலையில் வெயில், மதியத்துக்கு மேல் நிழல்.

மண்ணில் மக்கிய இலை உரத்தைத் தாராளமாகக் கலக்க வேண்டும். கோடையில் மண் காயக் கூடாது. பருவமழையில் தண்ணீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் குருத்து அழுகிவிடும். பாத்தியைச் சற்று உயர்த்தி, லேசான சரிவாக அமைப்பது உத்தமம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, பூத்து முடிந்ததும் தூரைப் பிரித்து நடலாம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். தூள் போன்ற விதை. மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். ஈர மண்மீது தூவி, மெல்ல அழுத்தி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

தில்லி, சண்டிகர்வாசிகளுக்கு ஏற்றது வேறு வகை: சீனத்தின் யுன்னானைச் சேர்ந்த பிரிமுலா மலகாய்டிஸ். அக்டோபரில் விதைத்தால் பிப்ரவரி, மார்ச்சில் தொட்டி நிறையப் பூக்கும். ஒப்கோனிகா என்ற வகையும் நர்சரிகளில் உண்டு. அதன் இலை பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை நல்லது.

வெயில் ஏறியதும் மலகாய்டிஸ் காய்ந்துபோகும். அது ஒரு பருவச் செடி. காப்பாற்ற முயல்வது வீண். அதற்குள் விதை சேர்த்து வைத்தால் அடுத்த அக்டோபருக்கு ஆகும். மலைச் சரிவில் கை வைக்க வேண்டிய அவசியமே இருக்காது.