ஸ்பிட்ஃபயருக்குக் குளிர் ஜுரம்

சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் உங்கள் ஆபீஸ் மேனேஜர். இன்னொருவர், பழைய கார் வாங்காதவர்.

சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தாயிற்று. இன்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குத்தான் ஐடிலிங் என்று பெயர். பார்க்க ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் இன்ஜினுக்கு அதுதான் பரீட்சை. ஏன் என்பதை நான் தெரிந்துகொண்டது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில், 2024 ஜூன் மாதம், என் தங்கை வீட்டு கார் ஷெட்டில். அதுவும் ஒரு நல்ல ஷாக் அடி வாங்கிய பிறகு!

தங்கைக்கு ஆகஸ்டில் பிரசவம். துணைக்கு அம்மாவைக் கொண்டுபோய் விடுவதற்காகப் போயிருந்தேன். மாப்பிள்ளை அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். சிகரெட் உண்டா, சீட்டு உண்டா என்றெல்லாம் நாலு பேரிடம் விசாரித்துத்தான் பெண்ணைக் கொடுத்தோம். பழைய கார் உண்டா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. கல்யாணமாகி ஆறாம் வருஷம் மனிதர் 1973 மாடல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஒன்றை வாங்கிவிட்டார். சிவப்பு நிறம். இரண்டே ஸீட். மேலே துணிக்கூரை. அந்த ஊர் மழைக்குத் துணிக்கூரை!

"மூணாவதா ஒரு ஆள் வரப்போறாங்க. அந்த ஆளை எங்கே உட்கார வைப்பீங்க, டிக்கியிலயா?" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் இல்லை. வண்டியை விற்பது என்று முடிவாகி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒருத்தர் பார்க்க வருவதாக ஏற்பாடு.

நான் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. வண்டிக்குக் குளிர் ஜுரம்.

சத்தியமாக அப்படித்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் அறுபது மைலில் போகும்போது சமர்த்தாகப் போகிறது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறுகிறது. கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டாகத் தெரிகிறது. 'டப்... டப்... டடப்...' என்று ஒரு இருமல். பச்சை விழுவதற்குள் இரண்டு தடவை அணைந்து போயிற்று. பின்னால் இருந்த வெள்ளைக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். அதற்கு ஹாரனே தேவலை.

மாப்பிள்ளை ஒன்றும் செய்யாமல் இல்லை. புது காயில், புது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, புது பிளக், புது வயர்... இருநூறு பவுண்டுக்கு மேல் போயிருந்தது. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுவார். கொஞ்சம் நன்றாயிருப்பதுபோல் தோன்றும். பத்து நிமிஷத்தில் உதறல். காய்ச்சல் விடவில்லை என்று டாக்டரை மாற்றி டாக்டரைப் பார்ப்போமே, அந்த மாதிரி. கடைசியில் கார்பரேட்டர் ஸ்க்ரூவில் கை வைத்துவிட்டார். கைக்கு எட்டுகிற ஸ்க்ரூவைத் திருகாமல் இருக்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

"வித்துத் தொலையுங்களேன் மாப்பிள்ளை. உதறினா என்ன, வாங்கறவன் பாடு" என்றேன்.

"இல்லை மச்சான். இது எங்கப்பா காரு" என்றார்.

அவர் அப்பா இங்கிலாந்துப் பக்கம் வந்ததே கிடையாது. இது எப்படி அவர் கார்?

விஷயம் இதுதான். கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு கேன்லி என்ற இடத்தில் தொழிற்சாலை இருந்தது. அவர்கள் 1959-ல் ஹெரால்டு என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கலாட்டி. அந்த ஹெரால்டையே 1961 முதல் நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் செய்தது. 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்றால் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். முன்பக்கம் முழுசும், மட்கார்டோடு சேர்த்து, முதலை வாய் மாதிரித் திறக்குமே, அதேதான். அங்கே கவென்ட்ரியில் அந்த ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கி, அதன்மேல் மிக்கலாட்டி வரைந்த இரண்டு ஸீட் உடம்பை உட்கார வைத்து 1962-ல் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர். யுத்த விமானத்தின் பெயர். கடைசி ஸ்பிட்ஃபயர் 1980 ஆகஸ்டில் கேன்லியிலிருந்து வெளியே வந்தது.

ஆக, நம்மூர் ஹெரால்டுக்கு இது சித்தப்பா பிள்ளை. இன்ஜினும் ஒரே வம்சம்தான். 1953-ல் 803 சி.சி.யில் பிறந்தது. மெட்ராஸ் ஹெரால்டில் 948 சி.சி. மாப்பிள்ளையுடைய மார்க் 4-ல் 1296 சி.சி. ஹெரால்டுக்கு ஒற்றை கார்பரேட்டர். இதற்கு இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர்.

மாப்பிள்ளையின் அப்பா அந்த மெட்ராஸ் தொழிற்சாலையில் ஹெரால்டுக்கு இன்ஜின் பூட்டியவர். இப்போது எண்பதைத் தாண்டியவர், பெருங்களத்தூரில் இருக்கிறார். தொழிற்சாலையில் யாரோ கொண்டுவந்த இங்கிலீஷ் பத்திரிகையில் ஸ்பிட்ஃபயர் படத்தைப் பார்த்து, கிழித்து, சாப்பாட்டு டப்பா வைக்கிற பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தாராம். மகன் வாங்கினதும் வீடியோவில் காட்டியிருக்கிறான். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லையாம். அப்புறம், "ஸ்டார்ட் பண்ணு, ஐடிலிங் கேக்கணும்" என்றாராம்.

அன்றிலிருந்து இன்றுவரை, ஒழுங்கான ஐடிலிங்கை மகனால் கேட்க வைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விடும்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. நம்மூரில் ஏழரை. போனில் மாமாவைப் பிடித்து, முதலை வாயைத் திறந்து, முன் டயர் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டோம். இந்த வண்டியில் அது ஒரு சௌகரியம். முதுகை வளைக்க வேண்டாம்.

மாமா சத்தத்தைக் கேட்டார். "மிஸ்ஸிங் அடிக்குது. எந்த சிலிண்டர்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. இருநூறு பவுண்டு செலவு பண்ணியவர் அதைப் பார்க்கவில்லை.

"ஓடிட்டிருக்கும்போதே ஒவ்வொரு பிளக் வயரா கழட்டு. கழட்டினா இன்ஜின் தொய்யணும். தொய்யலைன்னா அந்த சிலிண்டர் வேலை செய்யாம சம்பளம் வாங்குதுன்னு அர்த்தம்."

இந்த இடத்தில்தான் நான் உதவி செய்யப் போனேன். மர க்ளிப்பும் ரப்பர் உறையும் போட்டுக் கழற்ற வேண்டிய வயரை வெறும் கையால் பிடித்தேன். பிளக் வயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். முழங்கை வரைக்கும் யாரோ பிரம்பால் அடித்த மாதிரி இருந்தது. மாமா போனில் அமைதியாக, "யாரது, மச்சானா? கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்றார்.

ஒன்று, இரண்டு வயரைக் கழற்றினால் இன்ஜின் சோர்ந்து போகிறது. மூன்றையும் நாலையும் கழற்றினால் கவலையே படவில்லை. சோம்பேறிகள் கிடைத்துவிட்டார்கள். அப்புறம் இன்ஜினை அணைத்து, சூடு ஆறவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றச் சொன்னார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி. நல்ல பிளக் மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தால் காற்று ஜாஸ்தி.

ஒன்றும் இரண்டும் கரிக்கட்டை. மூன்றும் நாலும் வெள்ளை.

"ரெண்டு கார்பரேட்டர்ல முன்னாடி இருக்கறது ஒண்ணு, ரெண்டுக்கு. பின்னாடி இருக்கறது மூணு, நாலுக்கு. பின்னாடி எங்கேயோ காத்து குடிக்குதுடா. நீ மிக்ஸ்சரைத் திருகித் திருகி முன்னாடி இருக்கறவனுக்கு அஜீர்ணம் பண்ணி வெச்சிருக்கே" என்றார் மாமா.

அப்படியானால் வேகமாகப் போகும்போது ஏன் உதறவில்லை? நானே கேட்டேன். ஷாக் அடித்தவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அவர் சொன்னது: ஐடிலிங்கில் காற்று உள்ளே போகிற கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். போகிற காற்றே ஒரு டம்ளர். அதில் திருட்டுத்தனமாக ஒரு ஸ்பூன் காற்று கூட வந்தால் பெட்ரோல் கணக்கு கெட்டுவிடும். வேகத்தில் கதவு விரியத் திறந்து அண்டா அண்டாவாகக் காற்று போகும். அண்டா மோரில் ஒரு ஸ்பூன் உப்பு கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? டம்ளர் மோரில்தான் முகம் சுளிக்கும். அதனால்தான் வண்டி ஓடும்போது மறைத்து வைத்த குறையெல்லாம், சும்மா நிற்கும்போது வெளியே வருகிறது.

ஓட்டை எங்கே? சிலர் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிற ஸ்ப்ரேயை அடித்துப் பார்ப்பார்கள். இந்த இன்ஜினில் கார்பரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கிற சைலன்ஸர் மேனிஃபோல்டு. ஸ்ப்ரே அடித்தால் வண்டி, ஷெட், மாப்பிள்ளை மூன்றும் போகும். மாமா, "தண்ணி தெளி. சாரல் மாதிரி. ஊத்தாதே, சூட்டுல வார்ப்பிரும்பு வெடிச்சுடும்" என்றார். தங்கை இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் வந்தது. மறுபடி ஸ்டார்ட். அங்கே தெளித்தோம், இங்கே தெளித்தோம். ஒன்றுமில்லை. பின் கார்பரேட்டர் மேனிஃபோல்டோடு சேருகிற இடத்தில் தெளித்ததும், 'உஸ்ஸ்' என்ற சத்தம் நின்று, இன்ஜின் சுருதி மாறிற்று. இரண்டு விநாடி. மறுபடி உதறல்.

"அங்கே பேக்கிங் மாத்தினியா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"போன மாசம் கார்பரேட்டரைக் கழட்டித் துடைச்சேன்ப்பா. பேக்கிங் நல்லாத்தான் இருந்தது. அதையே..."

"பழசையே போட்டே."

"ஆமாம்ப்பா."

இருநூறு பவுண்டுக்குக் காயிலும் மூடியும் வாங்கியவர், காகித பேக்கிங்கில் சிக்கனம் பிடித்திருக்கிறார்! ஒருதரம் நசுங்கிய பேக்கிங் இரண்டாம் தரம் உட்காராது. மாமா திட்டவே இல்லை. அதுதான் மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

புதுசு தபாலில் வர இரண்டு நாள் ஆகும். ஆள் வருவது நாளைக்கு. "வீட்ல அட்டை இருக்கா?" என்றார் மாமா. கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவின் ஒரு பக்கம் அகப்பட்டது. இரண்டே நட், கார்பரேட்டர் கையோடு வந்தது. அதன் வாய்மேல் அட்டையை வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டத் தட்ட, ஓரமே அட்டையை வெட்டிக்கொடுக்கிறது. நடுவே ஒன்றேகால் அங்குலத்துக்குப் பெரிய ஓட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஓட்டை. பெருங்களத்தூரிலிருந்து, "மெதுவா... திருப்பு... அங்கே விட்டுட்டே பாரு" என்று குரல் வந்துகொண்டிருந்தது. அம்மா அதற்குள் காபி கொண்டுவந்து வைத்து ஆறியும் விட்டது. இந்த அட்டை ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, ஒழுங்கான பேக்கிங் வந்ததும் மாற்ற வேண்டும் என்று மாமா மூன்று தடவை எச்சரித்தார்.

இந்த எஸ்.யூ. கார்பரேட்டரைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பம். ஆரம்ப கால மாடலுக்குள் தோலில் செய்த துருத்தியே இருந்ததாம். அதற்கு அட்டை பேக்கிங் ஒன்றும் அவமானம் இல்லை.

பூட்டியதும், திருகிக் கெடுத்த மிக்ஸ்சர் நட்டை இரண்டிலும் மேலே முழுக்க ஏற்றி, சரியாக இரண்டு சுற்று இறக்கினோம். ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் இன்னொன்றைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் 'உஸ்' ஒரே அளவா என்று கேட்டோம். பிஸ்டனை ஒரு நூலளவு தூக்கிப் பார்த்தோம். தூக்கினதும் இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் ஜாஸ்தி. அணையப் பார்த்தால் குறைச்சல். லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி. லேசாக ஏறி அடங்கியது.

எண்ணூறு ஆர்.பி.எம். உதறல் இல்லை. கண்ணாடியில் பக்கத்து வீட்டு வேலி ஒன்றாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை போனை இன்ஜின் பக்கத்தில் கொண்டுபோனார். அந்தப் பக்கம் மாமா முகம் திரை முழுக்கக் காதாகிவிட்டது. காதைத்தான் போனில் வைத்திருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். யாரும் பேசவில்லை. ஆறிய காபியை நான் குடித்தேன்.

சமையலறைக் கதவில் தங்கை நின்றுகொண்டிருந்தாள், வயிற்றில் கை வைத்தபடி. எப்போது வந்தாளோ.

"நாளைக்கு வர்ற ஆளுக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை நம்ப முடியாமல் நிமிர்ந்தார். "வர வேண்டாம்னுட்டியா?"

"வேண்டாம்னு ஏன் சொல்றேன்? ஐந்நூறு பவுண்டு ஜாஸ்தின்னு சொன்னேன். யோசிச்சுட்டு அடுத்த மாசம் வர்றேன்னார்."

போனிலிருந்து மாமா குரல் வந்தது. "டேப்பட் கொஞ்சம் லூஸா இருக்குடா. பத்து தௌசண்ட் கேஜ் வெச்சுப் பாரு. ஒரு மாசம் இருக்கில்ல?"