முதலில் குழந்தையைப் பாருங்கள்



கோடை விடுமுறைக்கு எங்கள் கிராமத்துக்கு வந்திருந்த என் மகள்வயிற்றுப் பேத்தி, ஐந்தே வயதுக் குழந்தை, குளத்தில் குளித்துவிட்டு வந்த மாலையில் பாவாடை நனையும்படி உதிரம் பெருகக் கண்டு, நாங்கள் பதறிப்போய் அவளை அருகிலிருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தாலொழியக் குழந்தையைத் தொட மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். என் மாப்பிள்ளையின்மீது விழுந்த சந்தேகப் பார்வைகளையும், "பெரியமனுஷி ஆகிவிட்டாளோ" என்று வராந்தாவில் எழுந்த முணுமுணுப்பையும்கூடச் சகித்துக்கொண்டோம். குழந்தையின் முகம் வெளிறிக்கொண்டே போனதைத்தான் சகிக்க முடியவில்லை.

வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், "குளத்தில் குளித்தாளா?" என்று கேட்டறிந்து, உப்புநீரைப் பீச்சி, பிறப்புறுப்பினுள்ளே பற்றியிருந்த அட்டையை வெளியேற்றினார். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாதாகையால், தாமதித்தால் இரத்தம் ஏற்ற வேண்டிய அபாயமும் நேரக்கூடுமாம்.

பிறந்த சிசுவுக்கு முதல் வாரத்தில், தாயின் உடலிலிருந்து பெற்ற ஹார்மோன் குறைவதால் சில சொட்டு இரத்தம் கண்டு தானே நின்றுவிடுவதும், விளையாட்டாக நுழைத்துக்கொண்ட துணித்துண்டோ மணியோ புண்ணாக்குவதும், சைக்கிள் கம்பியில் விழுந்து அடிபடுவதும், 8 வயதுக்கு முன்பே பருவம் தொடங்குவதும், அபூர்வமாகக் கட்டியும், மகாபாதகர் எவரேனும் இழைத்த கொடுமையும் என்று பெண் குழந்தைக்கு இவ்விதம் உதிரம் காண்பதற்குக் காரணங்கள் பல. இவற்றுள் எது என்பதைக் குழந்தையைப் பரிசோதித்தல்லவா நிர்ணயிக்க வேண்டும்?

கொடுமை என்ற சந்தேகம் நியாயமானதே. அதைப் போலீசுக்கு அறிவிக்கும் கடமை டாக்டருக்கும் உண்டு. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 27ஆவது பிரிவு, புகார் பதிவாகாத நிலையிலும் பரிசோதனையை அனுமதித்து, பெண் குழந்தையைப் பெண் டாக்டரே, பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கப் பார்க்க வேண்டுமென்கிறது. அவசர சிகிச்சைக்கு எந்தக் கடிதத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாதென்று அச்சட்டத்தின் 2020ஆம் வருஷத்து விதிகள் ஸ்பஷ்டமாகத் தடுக்கின்றன.

இவ்விதியை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் பாமரரும் படிக்கும்படி தமிழில் எழுதி மாட்டவும், இரவிலும் ஒரு பெண் டாக்டர் வந்து சேர ஏற்பாடு செய்யவும் சுகாதார இலாகா உடனே உத்தரவிட வேண்டும். குளங்கள் நிரம்பும் மழைக்காலம் வருகிறது.

இங்ஙனம்,
ஒரு பாட்டன்,
தஞ்சாவூர் ஜில்லா