பூட்டைக் கேட்கும் முன் நீதியைக் கேளுங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில வாரங்களுக்கு முன் இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, முஹல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. நம் மார்க்கத்தைக் கேலி செய்யும் ஒரு யூடியூப் சேனலின் இணைப்பைக் கொடுத்து, அனைவரும் புகார் செய்ய வேண்டும், அரசு இதை உடனே முடக்க வேண்டும், பத்துப் பேருக்காவது அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார் ஒரு சகோதரர். அதே குழுவில் மூன்று நாள்களுக்கு முன் அவரே அனுப்பிய வேறொரு செய்தியும் இருந்தது. பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த ஒருவரின் பக்கம் முடக்கப்பட்டுவிட்டது, இந்த நாட்டில் கருத்துரிமை எங்கே போயிற்று என்று அதில் கேட்டிருந்தார்.

அவரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை ஒன்றிய அரசு தடை செய்தபோது, ‘அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் தப்பினார்கள்’ என்று பாடம் நடத்தும் இடத்திலேயே மகிழ்ந்து கூறியவன் நான். எந்தச் சட்டத்தின்படி, யாரைக் கேட்டு அந்தத் தடை வந்தது என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. எனவே இந்தக் கட்டுரை முதலில் எனக்கே சொல்லிக்கொள்வது. நமக்குப் பிடிக்காதவரின் வாயை விசாரணையின்றி அடைக்கும் அதிகாரத்தை நாம் கைதட்டி வளர்க்கிறோம். அந்த அதிகாரம் நம் வீட்டு வாசலை அறியாதது என்று நினைத்துக்கொள்கிறோம். இது தவறு. மார்க்கத்தின் அளவுகோலிலும் தவறு, உலக நடப்பின் அளவுகோலிலும் தவறு.

2012ஆம் ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தச் செப்டம்பரில் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட திரைப்படத்தின் முன்னோட்டம் யூடியூபில் பரவியது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் நம் மக்கள் திரண்டார்கள். அதை முடக்குங்கள் என்று கோரினோம், இந்தியாவில் முடக்கப்பட்டது. நம் உள்ளத்தின் புண் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டே மாதங்களில் என்ன நடந்தது? நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது மும்பை மாநகரம் மூடிக் கிடந்ததைக் குறித்து, அதன் அருகிலுள்ள பால்கரைச் சேர்ந்த ஓர் இளம் முஸ்லிம் பெண் முகநூலில் சில வரிகள் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரையும் காவல்துறை கைது செய்தது. இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தருவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அந்தப் பெண்கள் மீது பாய்ந்ததும் அதே சட்டத்தின் 66ஏ பிரிவுதான். செப்டம்பரில் நாம் கூர்மைப்படுத்தக் கேட்ட வாளின் மறுமுனை, நவம்பரில் நம் மகளின் கழுத்தில் இருந்தது.

அவர்களைக் காப்பாற்றியது எது? அந்தக் கைது வெளிச்சத்தில் நடந்தது. வழக்கு என்ன, பிரிவு என்ன, குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பதை நாடே பார்த்தது. பிணை கிடைத்தது, வழக்கும் கைவிடப்பட்டது. அந்த நிகழ்வைக் கண்டு கொதித்த ஓர் இளம் பெண் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே ரத்து செய்தது. அதே தீர்ப்பில் 69ஏ என்ற மற்றொரு பிரிவு மட்டும் தப்பியது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்படுவோருக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்ற பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் அந்தப் பிரிவுக்காக 2009இல் வகுக்கப்பட்ட விதிகள், புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அவசரம் என்று கருதினால் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு ஆராயவும் இடமளிக்கின்றன. டிக்டாக்கை முடக்கியது இந்தப் பிரிவுதான்.

இங்கே மதரஸாவில் ஓதிய எவருக்கும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வர வேண்டும். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது, இரு தரப்பில் ஒருவர் பேசியதைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பளித்துவிட வேண்டாம், மற்றவர் சொல்வதையும் கேட்ட பிறகே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ள இந்த அறிவுரையில், முஸ்லிமுக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்ற பிரிவினை இல்லை. ஒரு கூட்டத்தார் மீதான பகை உங்களை நீதியிலிருந்து வழுவச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நமக்கு இடும் கட்டளை. மறு தரப்பைக் கேளாமல், காரணம் சொல்லாமல் ஒருவரின் பக்கத்தை முடக்குவது இந்த அளவுகோலில் நீதியாகுமா? அந்தப் பக்கம் நம்மை ஏசிய பக்கமாகவே இருக்கட்டும், அளவுகோல் மாறுமா?

நம் தமிழ்நாட்டிலேயே அண்மையில் நடந்ததைப் பாருங்கள். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த கேலிச்சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. கடும் எதிர்ப்பு எழுந்து சில நாள்களில் அவர் விடுதலையானார். பிறகு நீதிமன்றம் சென்று 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். அது அநியாயம்தான், எனினும் தண்டித்தது யார், எதற்காக என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் இணைய இதழில், அமெரிக்க அதிபரின் அருகே நம் பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் வந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதைச் சுட்டும் சித்திரம் அது. சில நாள்களில் பலருக்கு விகடன் இணையதளமே திறக்கவில்லை. ஒரு பக்கத்தின் மீதான புகாருக்காக முழு நூலகத்துக்கும் பூட்டு விழுந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் பக்கத்தைத் தற்போதைக்கு நீக்கச் சொல்லி, தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. அப்போது நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? ‘நமக்கென்ன, அது அவர்கள் பத்திரிகை’ என்று இருந்துவிட்டோம்.

ஒரு பக்கத்தை மூடும் கை, ஒரு மாவட்டத்தையே மூடவும் பழகிக்கொள்ளும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 உயிர்கள் பறிபோயின. அதையடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் அறுபட்ட அதிவேக இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். கொரோனாக் காலத்தில் நம் பிள்ளைகள் கைபேசியில் பாடம் கேட்டபோது, அங்குள்ள பிள்ளைகள் ஊர்ந்து வரும் 2ஜி இணைப்பின் முன் காத்திருந்தார்கள். காலவரையின்றி இணையத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தப் பாதையின் முடிவு எங்கே இருக்கிறது என்று அறிய விரும்பினால் சீனாவைப் பாருங்கள். 2009 ஜூலையில் உரும்சி நகரில் கலவரம் நடந்த பின், உய்குர் முஸ்லிம்கள் வாழும் ஷின்ஜியாங் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ பத்து மாதங்கள் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. உய்குர் மக்களும் ஹான் சீனர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இணையதளம் நடத்திய பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு 2014இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2021 அக்டோபரில், சீன அதிகாரிகளின் கோரிக்கைப்படி, ‘குர்ஆன் மஜீத்’ என்ற செயலியை ஆப்பிள் நிறுவனம் அந்நாட்டுக்கான தன் கடையிலிருந்து நீக்கியது. 2022 மார்ச் முதல், அரசின் உரிமம் இல்லாமல் இணையத்தில் மார்க்கம் போதிக்க முடியாது என்ற விதி அங்கே நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் ஓதிக்கொடுக்கும் நம் ஊர் உஸ்தாத் சீனாவில் இருந்தால் குற்றவாளி. அங்கும் இந்தப் பூட்டுகள் ‘சமூக அமைதி’, ‘தீவிரவாதத் தடுப்பு’ என்ற நல்ல பெயர்களோடுதான் வந்தன.

‘அப்படியானால் வெறுப்பைப் பரப்புகிறவனை விட்டுவிடுவதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரலில் தப்லீக் ஜமாஅத்தை முன்வைத்து, கொரோனாவையே முஸ்லிம்கள் திட்டமிட்டுப் பரப்பியதாக ட்விட்டரில் வெறுப்பு கொடிகட்டிப் பறந்தது. முடக்கும் அதிகாரம் அப்போதும் அரசிடம் இருந்தது. அது நம்மைக் காப்பாற்றவில்லை. ஆறுதல் வந்தது திறந்த நீதிமன்றத்திலிருந்து. வெளிநாட்டுத் தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. இலங்கையிலும் அதே ஏப்ரலில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பை எழுத்தால் எதிர்கொள்வோம் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக் கைது செய்யப்பட்டார். ‘ஜிஹாத்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த சட்டம், வெறுப்புக்கு ஆளானவர் மீதே பாய்ந்தது. ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். 2023 நவம்பரில் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வன்முறையைத் தூண்டுகிறவன் தண்டிக்கப்பட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெயரோடு புகார் கொடுங்கள். வழக்குத் தொடுங்கள். அவன் தரப்பையும் கேட்டு, காரணம் எழுதி, மேல்முறையீட்டுக்கு வழிவிட்டுத் தீர்ப்பு வரட்டும். நாம் கேட்க வேண்டியது இந்த நீதியை. இருட்டில் பூட்டும் அதிகாரம் எண்ணிக்கையில் குறைந்தவர்களின் நண்பனாக ஒருபோதும் இருந்ததில்லை.

நம் வரலாறே இதற்குச் சாட்சி. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஏற்குமாறு ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன் ஆலிம்களைக் கட்டாயப்படுத்தினார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சியில் சிறையில் கசையடி பெற்றார்கள். கட்டாயப்படுத்தியவரும் முஸ்லிம் ஆட்சியாளர்தான் என்பதை மறவாதீர்கள். இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் நம்மிடம் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை நாடு முழுவதும் கட்டாயமாக்க அப்பாஸிய கலீஃபா முன்வந்தபோது, இமாம் அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசின் கோல் தம் பக்கம் நீண்டபோதே அதைப் பற்ற மறுத்தது அந்தக் கை.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் பிள்ளையின் கைபேசியைக் கவனிப்பது அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். டிக்டாக் போனது, அதே ஆட்டமும் பாட்டும் ரீல்ஸாகவும் ஷார்ட்ஸாகவும் அதே கைபேசிக்குள் வந்து அமர்ந்துகொண்டன. பிள்ளையோடு அமர்ந்து பேச வேண்டிய அரை மணி நேரத்தை அரசின் எந்த ஆணையும் நமக்குப் பதிலாகச் செலவிடாது.

ஜமாஅத் பொறுப்புதாரிகளிடமும் பணிவாக ஒன்று கேட்கிறேன். முஹல்லா குழுவில் ஓர் இளைஞர் சந்தாக் கணக்கைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவரைக் குழுவிலிருந்து நீக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நம் கையில் இருக்கும் சிறு பூட்டையே நியாயமாகப் பயன்படுத்தத் தெரியாத நாம், பெரிய பூட்டை வைத்திருப்பவரிடம் எந்த முகத்தோடு நியாயம் கேட்போம்?

அந்த யூடியூப் இணைப்பை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அதை அனுப்பிய சகோதரரை மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சந்தித்து, அந்தச் சேனலில் சொல்லப்பட்டிருந்த தவறுகளுக்கு இருவருமாகச் சேர்ந்து பதில் எழுதுவோம் என்று அழைத்தேன். சற்றுத் தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார். இன்ஷா அல்லாஹ், எழுதி முடித்ததும் இங்கே பகிர்கிறோம்.

பகைவனிடமும் நீதி தவறாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்