எல்லிஸ் பார்க், 1953: வீரத்தைக் குறைத்து மதிப்பிடும் வாதத்துக்கு மறுப்பு

காயத்தோடும் துயரத்தோடும் ஆடிய கிரிக்கெட் வீரர்களைப் போற்றுவது அறிவீனத்தைப் போற்றுவதே என்றும், அவர்களால் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை என்றும் கூறும் வாதம், தன்மையில் வேறுபட்ட இரு செயல்களை ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறது. 1953 டிசம்பர் 26 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில், தென்னாப்பிரிக்காவின் நீல் அட்காக் வீசிய பந்து தலையில் தாக்கி மருத்துவமனைக்குச் சென்ற நியூசிலாந்து மட்டையாளர் பெர்ட் சட்கிளிஃப், கட்டுப்போட்ட தலையோடு திரும்பி ஆட்டமிழக்காமல் 80 ஓட்டங்கள் எடுத்தார். தலையில் அடிபட்டு மூளை அதிர்வுக்கு உள்ளானவருக்கு மாற்றாக இன்னொருவரைக் களமிறக்கும் விதி 2019இல் டெஸ்ட் ஆட்டங்களுக்கு வந்துவிட்ட நிலையில், அவர் செய்ததை இன்று எவரும் செய்யக் கூடாது என்பது சரியே.

அதே ஆட்டத்தில் ஆடிய அவரது அணித்தோழர் பாப் பிளேரின் செயலோ முற்றிலும் வேறு. 151 பேரைப் பலிகொண்ட டாங்கிவாய் ரயில் விபத்தில் தம் வருங்கால மனைவியை இரு நாள் முன்பு இழந்திருந்த அவர் ஆடமாட்டார் என்றே அனைவரும் கருதியிருக்க, ஒன்பதாவது விக்கெட் விழுந்து வீரர்கள் களத்தைவிட்டு நகரத் தொடங்கிய வேளையில் மட்டையோடு வந்தார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. அவர் உடலில் காயமில்லை, அவரை எவரும் கட்டாயப்படுத்தவுமில்லை. ஆகவே அதில் அறிவீனத்தைக் காண்பது எங்ஙனம்? கடைசி விக்கெட்டுக்கு சட்கிளிஃபும் பிளேரும் சேர்த்த 33 ஓட்டங்களுக்குப் பிறகும் நியூசிலாந்து 132 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது உண்மையே எனினும், தோழர் தனித்து நிற்கையில் துணை சென்ற ஒருவரின் மனவுறுதியை அந்த எண்ணைக் கொண்டு அளப்பது நேர்மையாகாது.